மிஞ்சிய குளிசைகள்

எங்கள் ஆட்கள் மிஞ்சிய குளிசையை எறிய மாட்டார்கள். சோற்றை எறிந்தாலும் எறிவார்கள், குளிசையை எறிய மாட்டார்கள். பாரிசிலும் சுற்றுவட்டாரத்திலும் நான் போய்ப் பழகிய யாழ்ப்பாணத்து வீடுகளில் எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். மூடியைத் திறந்தால் பாதி வெட்டிய குளிசை அட்டைகள், திகதி முடிந்த சொட்டு மருந்து, யாருக்கோ பல் பிடுங்கியபோது கொடுத்த நோக்குளிசை எல்லாம் கிடக்கும். ஊருக்குப் போகிறவர் கொண்டு போகலாம், அங்கே யாருக்காவது உதவும் என்று சேர்த்து வைப்பது. நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணம்தான் என் தம்பியைத் தின்றது என்று சொன்னால் சில பேருக்குக் கோபம் வரும். வரட்டும்.

தம்பி என்னைவிட நன்றாக இளையவன். நான் இங்கே வந்து காகிதங்கள் எல்லாம் சரியான பிறகு அவனைக் கூப்பிட்டேன். ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் பாத்திரம் கழுவத் தொடங்கி, மெல்ல மெல்ல அடுப்படிக்கு வந்து, இவன் வராத நாளில் முதலாளிக்குக் கை ஓடாது என்ற அளவுக்கு வளர்ந்தவன். பிறகு முதுகு போனது. ஷெல் துண்டா என்று கேட்காத தமிழர் இல்லை. ஷெல்லும் இல்லை, குண்டும் இல்லை. உருளைக்கிழங்கு மூட்டை. நிலவறைப் படியில் தோளில் மூட்டையோடு சறுக்கினான். சண்டை நடந்த ஊரிலிருந்து ஒரு கீறல் இல்லாமல் வந்த பொடியனை பாரிசில் உருளைக்கிழங்கு முறித்துப் போட்டது.

வைத்தியர் அபின் வகை நோக்குளிசை எழுதிக் கொடுத்தார். அது வேலை செய்தது. வேலை செய்தது என்றால், அவன் பல மாதங்களுக்குப் பிறகு என்னோடு சிரித்துக் கதைத்தான். பிறகு வைத்தியர் இனிப் போதும் என்று நிறுத்தினார். அவர் நிறுத்தியது சரிதான், ஆனால் எப்படி இறங்குவது என்று சொல்லாமல் ஏணியை எடுத்துவிட்டார். அப்போதுதான் பிஸ்கட் டின்கள் திறந்தன. முழங்கால் ஒப்பரேஷன் முடித்த, புறநகர் திரான்சியில் இருக்கும் மாமி தன்னுடையதில் மிஞ்சியதைக் கொண்டு வந்து தந்தா. "பாவம் பொடியன், நோவோடை கிடக்கிறான், எனக்கு இனித் தேவையில்லை" என்றா. இன்னொருவர் கொடுத்தார். அவருடைய சம்பந்தியும் கொடுத்தார். யாரும் விலை கேட்கவில்லை. அன்புக்குக் குறைவே இல்லை.

கொஞ்சக் காலத்தில் தம்பிக்கு எங்கள் சனத்துக்குள் பெரிய பெயர் வந்தது. யாருக்கு ஒப்பரேஷன் என்றாலும், யார் விழுந்து காலை முறித்தாலும் முதல் ஆளாகத் தோடம்பழப் பையோடு போய் நிற்பான். பக்கத்தில் இருந்து கதைப்பான், தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பான், பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வருவான். "இந்தக் காலத்திலை ஆர் இப்பிடி?" என்று என்னிடமே சொன்னார்கள். நானும் பூரித்துப்போனேன். ஒருநாள் திரான்சி மாமி போன் எடுத்தா.

"பிள்ளை, நான் குறை சொல்லேல்லை" என்று தொடங்கினா. குறை சொல்ல வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள். "அவன் வந்து போனால் டின் வெறுமையாக் கிடக்குது. மற்ற வீடுகளிலையும் அப்பிடித்தானாம். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. டின்னை இனி அலுமாரிக்கு மேலை வைக்கிறன். நீ அவனோடை கதை."

நான் கதைத்தேன். அவன் அழுதான். நானும் அழுதேன். அடுத்த கிழமை, பாரிசில் எங்கள் கடைகள் கூடியிருக்கிற லாச்சப்பலில், மெட்ரோப் பாலத்துக்குக் கீழே, குளிசை அட்டைகளை உள்ளங்கையில் வைத்து விற்கிறவர்களோடு அவனைக் கண்டேன். அவர்களிடம் மாமியின் குளிசையைவிட வலுவானது இருந்தது. மோர்பின். சவரம் இல்லாத முகம், அழுக்குச் சட்டை என்றெல்லாம் நினைக்க வேண்டாம். நான் அயர்ன் பண்ணிக் கொடுத்த சட்டையோடு நின்றான். அதற்குள் உணவகத்து வேலையும் போய்விட்டது.

நான் அப்போதும் இப்போதும் லாச்சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் காசாளராக இருக்கிறேன். கடை முதலாளியை எல்லோரும் அண்ணை என்பார்கள், நானும் அப்படித்தான். பெரிய சத்தக்காரர். நல்ல மனிதர். காலையில் கடை திறந்ததும் ஒரு வழக்கம் வைத்திருந்தார். போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்துவார். ஒரு மணி அடிக்கும், அந்தப் பக்கம் வெட்டுவார்கள். இவர் போனைக் கீழே வைத்துவிட்டுச் சாமிப் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவார். காசு செலவாகாமல் சேதி சொல்லுகிற பழைய பழக்கம், மரக்கறி கொண்டு வருகிறவனுக்கு ஏதோ அடையாளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை.

அண்ணைக்கு இன்னொரு பேரும் இருந்தது. குடியை நிறுத்துகிறவர். கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு முருகன் படமும் பித்தளைத் தட்டும் உண்டு. குடிகாரனைக் கூட்டி வந்து, தட்டில் கற்பூரத்தை எரித்து, அதன்மேல் அடித்துச் சத்தியம் பண்ண வைப்பார். கை சுட வேண்டும். சுட்டால்தான் மனத்தில் நிற்கும் என்பார். அப்படிச் சத்தியம் பண்ணிவிட்டுக் குடியை விட்ட மனிதர்கள் இப்போதும் கடைக்கு வருகிறார்கள், தங்கள் பெண்சாதிமாரோடு, அரிசி வாங்குகிறார்கள். சத்தியத்தை முறித்தவர்கள் வருவதில்லை. அவர்கள் எங்கே போனார்கள் என்று நாங்கள் யோசித்ததும் இல்லை.

தம்பியைப் பற்றி நான் சொல்லாமலே அண்ணைக்குத் தெரிந்திருந்தது. "அவனைக் கூட்டிவாரும் பிள்ளை. கடையிலை வேலையும் குடுக்கிறன். ஆனால் முதல் தட்டிலை அடிக்கவேணும்" என்றார். எனக்குக் கடவுளே வாய் திறந்ததுபோல இருந்தது. தம்பி வந்தான். அடித்தான். கொஞ்சம் அதிக நேரமே கையை வைத்திருந்தான். அண்ணைதான் இழுத்து எடுத்தார்.

அடுத்த நாளே தொடங்கியது. மூக்கு ஓடியது. கொட்டாவி கொட்டாவியாக விட்டான். தோல் முழுக்கப் புல்லரித்துக் கிடந்தது. படுக்கையில் கால்கள் தன்பாட்டில் உதைத்தன. நான் ரசம் வைத்தேன், மல்லித் தண்ணி அவித்தேன், குடித்ததெல்லாம் வெளியே வந்தது. அண்ணை வீட்டிலிருந்து இடியப்பம் அனுப்பினார். "சத்தியம் பிடிக்குது, அதுதான்" என்றார். குடிகாரர்களுக்கும் முதலில் கை நடுங்குமாம். ஒரு வைத்தியரைக் கேட்போமா என்று நான் இழுத்தபோது தம்பியே வேண்டாம் என்றான். "சத்தியம் பண்ணினாப் பிறகு டொக்டரிட்டைப் போய் மருந்து கேக்கிறதோ அக்கா?" என்றான். அவனுக்கு அது ஒரு களவு மாதிரி இருந்தது.

ஆனால் அவன் தேறினான். அதுதான் கொடுமை. முகத்தில் சதை வந்தது. கடையில் சாமான்களை அடுக்கினான், வெங்காயத்தில் அழுகியதைப் பொறுக்கினான், கிழவிமாரின் பைகளைத் தூக்கிக்கொண்டு மெட்ரோ வாசல்வரை போனான். கோவில் தேர் ரூ பஜோல் தெருப் பக்கம் வந்தபோது தேங்காய் உடைக்கிற ஆட்களோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான். சிதறிய துண்டு ஒன்றை எடுத்து எனக்குத் தந்தான். நான் அதைத் தின்றேன். வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு ருசியான தேங்காய் கிடைத்ததில்லை.

அந்த இலையுதிர் காலத்தில்தான் நகரசபைக் கூட்டம் வந்தது. எங்கள் வட்டாரத்தில் பூட்டிக் கிடந்த ஒரு கட்டடத்தில், போதைக்கு அடிமையானவர்கள் வந்து இருக்கவும், மருந்து எடுக்கவும், தாதியைப் பார்க்கவும் ஓர் இடம் திறக்கப் போகிறார்கள் என்று கதை. கடைக்காரர்கள் கொதித்துப்போனார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில் பெரிய மனிதர்கள் முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்தார்கள். எங்கள் கடைக்காரர்களுக்கு மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப்போனார்கள். என் பிரெஞ்சு அப்படியொன்றும் அழகில்லை, ஆனால் பயம் இல்லாத பிரெஞ்சு.

அண்ணை எழும்பினார். "எங்கட கடைவாசலிலை உது வேண்டாம். பிள்ளையள் போற வாற இடம். அந்தக் காசிலை லைட் போடுங்கோ, பொலிசைப் போடுங்கோ" என்றார். நான் பிரெஞ்சில் சொன்னேன். வெள்ளைக்காரச் சனமே கைதட்டியது. பின்னாலிருந்து ஒருவர் இது யாருடைய காசு என்று கேட்டார். நகரசபைப் பெண்மணி நேர்மையாகத்தான் பதில் சொன்னா. நகரமும் அரசும் சேர்ந்து தருகிற காசு, வருடத்துக்கு வருடம் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும், அடுத்த வருடம் கிடைக்கும் என்று தன்னால் சத்தியம் பண்ண முடியாது என்றா. சத்தியம் என்ற சொல்லை மொழிபெயர்க்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. என் வீட்டில் சத்தியம் வேலை செய்துகொண்டிருந்தது. காசும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம்.

பிறகு தாதி ஒருத்தி எழும்பினா. கையில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. அபின் வகை மருந்து கூடிப்போய் மூச்சு நின்றவரின் மூக்கில் அடிக்கிற மருந்து, யாரும் அடிக்கலாம், யாரும் இலவசமாக எடுத்துப் போகலாம் என்று விளக்கினா. அடுத்ததாக அவ சொன்னதை நான் தமிழில் சொல்லத் தொடங்கினேன். "கனகாலம் எடுத்துப்போட்டு நிப்பாட்டின ஆக்களுக்குத்தான் பயம் கூட. உடம்பு மறந்திடுமாம். பிறகு ஒருநாள் பழைய அளவை எடுத்தால்..."

அங்கே என் வாய் நின்றுவிட்டது. எங்கள் ஆட்கள் யாரும் கவனிக்கவில்லை, லைட் கம்பத்தை எங்கே போட வேண்டும் என்று தங்களுக்குள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கற்பூரத்தில் அடித்த குடிகாரனுக்குக் குடியைவிட்டு விலகினால் உடம்பு தேறும். என் தம்பிக்குத் தேறத் தேற ஆபத்து கூடுகிறது. இதை ஏன் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை? சொல்லுகிற இடத்தைத்தானே வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறோம்.

கூட்டம் முடிந்ததும் சனத்தை விலக்கிக்கொண்டு தாதியின் மேசைக்குப் போனேன். பெட்டிகள் முடிந்துவிட்டன. "கடைசி இரண்டையும் உங்கள் ஆள் ஒருவர் எடுத்துக்கொண்டு போனார்" என்றா. எங்கள் ஆளா? நம்பவில்லை, யாரோ ஆபிரிக்கரையோ வங்காளியையோ சொல்கிறா என்று நினைத்தேன். வியாழக்கிழமைகளில் தங்கள் வான் பாலத்தடிக்கு வரும், அங்கே வந்தால் தருவேன் என்றா.

வீட்டுக்குப் போய் ஒகாயோவில் இருக்கும் தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். அமெரிக்காவில் இந்தச் சங்கதி எங்களைவிடப் பழசு. "இஞ்சை குளிசை செய்த கொம்பனியள் வழக்கிலை மாட்டி ஊர் ஊரா நகரசபையளுக்குக் காசு கட்டுகினம் அக்கா. எங்கட லைப்ரரி வாசலிலை அந்த மூக்கு மருந்துப் பெட்டி தொங்குது. ஆரும் எடுக்கலாம், ஒருத்தரும் கேக்காயினம்" என்றாள். நல்லாயிருக்கிறதே என்றேன். "என்ன நல்லாயிருக்கு? அதிலையும் அடிபாடுதான். சில இடங்களிலை செத்த பிள்ளையளின்ர பேரிலை வந்த காசிலை பொலிசுக்குக் கார் வாங்கினவை" என்றாள். கொடுக்கிறவன் இருந்தாலும் இதுதான், இல்லாவிட்டாலும் இதுதான் என்று சொல்லிக்கொண்டு போனை வைத்தோம்.

வியாழக்கிழமை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முந்திக்கொண்டது.

ஞாயிறு என்றால் லாச்சப்பலில் எள் போட இடம் இராது. பொண்டி, திரான்சி, இன்னும் எங்கெங்கோ இருந்து சனம் கிழமைச் சாமான் வாங்க வரும். கல்லாவுக்கு முன்னால் வரிசை. ஒரு பெண் முருங்கைக்காய்க் கட்டை நீட்டிக்கொண்டு நின்றா. அப்போது பின்னால் கழிப்பறையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. முதலே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது, அது நிற்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்லாவைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடினேன்.

தட்டினேன். தம்பி, தம்பி என்று கூப்பிட்டேன். அண்ணை வந்து தோளால் இடித்தார். சின்னக் கொளுக்கி, தெறித்தது. சுவருக்கும் தண்ணித் தொட்டிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடந்தான். உதடு நாவற்பழ நிறம். தொண்டையில் ஒரு கொறட்டை மாதிரி வந்தது, பிறகு அதுவும் இல்லை. அண்ணை திரும்பி ஓடினார். ஓடித் தப்புகிறார் என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு கணம் அவரை எவ்வளவு வெறுத்தேன் என்று சொல்ல முடியாது.

திரும்பி வந்தபோது கையில் அந்த வெள்ளைப் பெட்டி. கல்லாவுக்குக் கீழே, ஊதுபத்திப் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்திருந்திருக்கிறார். தம்பியின் தலையைப் பின்னால் சாய்த்தார், மருந்துக் குழாயை மூக்கில் வைத்து அமத்தினார். "அம்புலன்சுக்கு அடியும்" என்றார் என்னைப் பார்க்காமல். நான் போனில் முகவரியைச் சொல்லச் சொல்ல, அவர் குனிந்து தம்பியின் வாயில் ஊதினார். ஊதினார், பார்த்தார், ஊதினார். அதே பெட்டியிலிருந்த இரண்டாவது குழாயையும் பிரித்து மற்ற மூக்குத் துளையில் அடித்தார். சத்தக்காரரிடமிருந்து ஒரு சத்தம் வரவில்லை. இதற்கு முதல் செய்திருக்காவிட்டால் ஒரு மனிதனுக்கு அந்த நிதானம் வராது என்று எனக்கு அங்கேயே விளங்கியது.

தம்பி மூச்சு இழுத்தான். தண்ணீருக்குள்ளிருந்து வந்தவன்போல இழுத்தான். கண்ணைத் திறந்து என்னைக் கண்டான். நான் அவனைக் கட்டிப் பிடித்தேன். அவன் என் காதுக்குள் சொன்னான்.

"சத்தியத்தை முறிச்சுப்போட்டன். ஏன் அக்கா எழுப்பினியள்?"

அம்புலன்ஸ்காரர் அவனைக் கொண்டு போனார்கள், என்னை அதில் ஏற்றவில்லை, பின்னால் வரச் சொன்னார்கள். கோட் எடுக்கப் பின்னறைக்குப் போனேன். அண்ணை அரிசி மூட்டையில் குந்தியிருந்தார். பித்தளைத் தட்டு பக்கத்தில் இருந்தது.

"உங்களுக்கு உது எப்பிடித் தெரியும் அண்ணை?" என்றேன்.

"என்ர மகளுக்கு அடிச்சனான்" என்றார். "ரண்டு தரம்."

அவருக்கு மகள் இருப்பது தெரியும். லண்டனில் படிக்கிறாள் என்று சொல்லிவைத்திருந்தார். லண்டன் இல்லை, பொண்டி. தனியாக ஓர் அறையில் இருக்கிறாள். தகப்பனோடு கதைக்க மாட்டாள். காலையில் இவர் போன் அடித்தால் ஒரு மணியில் வெட்டுவாள். உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம். அவ்வளவுதான் அவர்களுக்கு இடையில் மிஞ்சியது.

"அவளும் இதே தட்டிலைதான் அடிச்சவள்" என்றார். "முறிச்சாப் பிறகு என்ர முகத்திலை முழிக்க மாட்டன் எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டாள்."

எனக்குத் தலைக்கேறியது. தட்டைத் தூக்கி எறிந்தேன். அது சுவரில் பட்டு, பருப்புப் பைகளுக்கு நடுவில் விழுந்து சுற்றிக்கொண்டு கிடந்தது. "தெரிஞ்சுகொண்டும் என்ர தம்பியை அடிக்க வைச்சியளோ?"

"வேறை என்ன பிள்ளை எனக்குத் தெரியும்?" என்றார். "குடிகாரருக்குச் சரிவந்தது. அவளுக்குத்தான் பிசகிப்போச்சுது எண்டு நினைச்சன். உம்மடை தம்பிக்குச் சரிவந்தால் அவளைத் திருப்பிக் கூட்டிவந்து இன்னொருக்கால் பாக்கலாம் எண்டு..."

"பிறகு ஏன் கூட்டத்திலை அந்த இடம் வேண்டாம் எண்டனீங்கள்?"

அவர் என்னை ஒரு மடைச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அது இஞ்சை வந்தால் அவள் இஞ்சை வந்து வரிசையிலை நிப்பாள். என்ர கடைக்கு முன்னாலை. எல்லாரும் பாப்பினம்."

நான் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். அவர்மேல் கோபம் வழியெல்லாம் இருந்தது. ஆனால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அவருடைய மூச்சுத்தான் என் தம்பியின் நெஞ்சுக்குள் போயிருந்தது.

அந்த இடம் எங்கள் வட்டாரத்தில் திறக்கவில்லை. எதிர்ப்பு அதிகம் என்று கைவிட்டார்கள். நாங்கள் கேட்டபடி லைட் வந்தது. பாலத்தடியில் ஆட்கள் குந்துகிற இடமெல்லாம் பெரிய சீமெந்துப் பூச்சட்டிகள் வந்தன. விளிம்பில் யாரும் இருக்க முடியாதபடி சரிவாக வார்த்திருந்தார்கள். கடைக்காரர்கள் பார்த்து நல்ல வேலை என்றார்கள். வியாழக்கிழமை வான் கொஞ்ச நாள் வந்தது. தம்பியை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். வரிசையில் நிற்கும்போது எங்கள் சனம் கடந்து போனால் நான் குடையை விரித்து அவன் பக்கம் சாய்ப்பேன், மழை இல்லாத நாளிலும். அந்தத் தாதிதான் மெதடோன் பற்றிச் சொல்லி, அவனை ஒரு நிலையத்தில் சேர்த்துவிட்டா. தினமும் அளவாகக் குடிக்கிற மருந்து. குடித்தால் நடுக்கம் இல்லை, மயக்கமும் இல்லை, மனிதனாக நடமாடலாம். "ஒண்டை விட்டு இன்னொண்டு, உதென்ன சுகம்?" என்று திரான்சி மாமி கேட்டா. உயிரோடு இருக்கிற சுகம் மாமி என்றேன்.

புதுவருடத்துக்குப் பிறகு வான் வரவில்லை. காசு புதுப்பிக்கப்படவில்லையாம், இருப்பதை வைத்து வேறு இடங்களைப் பார்க்கிறார்களாம். கடைசியாக வான் வந்த நாளில், பெட்டிகளை அடுக்கிக்கொண்டே தாதி இதைச் சொன்னா. நிலையம் நகரத்து வளையச் சாலைக்கு அப்பால் இருக்கிறது, பஸ்ஸில் போக வேண்டும். தம்பி தனியாகப் போய்க்கொள்கிறேன் என்றான். நான் கடையை விட்டுவிட்டுப் போக முடியாது. ஆகவே அண்ணையின் பழக்கத்தை எடுத்துக்கொண்டோம். அவன் அங்கே மருந்தைக் குடித்து முடித்ததும் எனக்கு ஒரு மணி அடித்து வெட்டுவான். காலையில் அண்ணையும் நானும் கல்லாவுக்குப் பக்கத்தில் போன்களை வைத்துக்கொண்டு நிற்போம். அவருடையது முதலில் முடியும். ஆனாலும் என்னுடையது அடிக்கும்வரை அவர் ஊதுபத்தி கொளுத்த மாட்டார். தட்டு எங்கே போனதென்று நான் கேட்கவில்லை.

மாசி மாதத்தில் ஒரு காலை என் போன் அடிக்கவில்லை. சனம் வரத் தொடங்கியது. ஒரு கட்டுக் கறிவேப்பிலைக்கு இவ்வளவு நேரமோ என்று ஒருவர் சலித்துக்கொண்டார். நான் எடுத்துப் பார்த்தேன், மணி போகிறது, எடுக்கிறான் இல்லை. அண்ணை கொளுத்தாத ஊதுபத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கீழே குனிந்து, ஊதுபத்திப் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து கூட்டத்தில் எடுத்த இரண்டில் மிஞ்சியிருந்த வெள்ளைப் பெட்டியை எடுத்து என் கைப்பையில் போட்டார்.

"போம் பிள்ளை. கடையை நான் பாக்கிறன்."

ஓடினேன். எங்கே ஓடுவது என்றும் தெரியவில்லை. பஸ் தரிப்பிடம் பாலத்தடியில் என்பதால் அந்தப் பக்கம் ஓடினேன். அவன் அங்கேதான் இருந்தான். பூச்சட்டி விளிம்பில், வழுக்கி வழுக்கி, காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு இருந்தான். கண்ணைப் பார்த்தேன், தெளிவாக இருந்தது. ஒன்றும் எடுக்கவில்லை. ஆனால் பஸ்ஸும் எடுக்கவில்லை. பாலத்தடியில் விற்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள், அவர்களுக்குப் பூச்சட்டி ஒரு பொருட்டே இல்லை.

"ஏன் வந்தனீங்கள்?" என்றான்.

"மணி அடிக்கேல்லை."

அவன் கோட் பையிலிருந்து போனை எடுத்து அமத்தினான். என் கைப்பைக்குள் ஒரு மணி அடித்தது. வெட்டினான்.

"அடிச்சிட்டுது" என்றான். "இனிப் போங்கோ அக்கா."

அவன் கோபத்தில் சொல்லவில்லை. களைப்பில் சொன்னான், என்னை வீட்டுக்கு அனுப்புகிற அன்போடுதான் சொன்னான். அதுவரைக்கும் வந்த மணிகளில் எத்தனை இங்கே இருந்து அடித்தவை? இனி வரப்போகிறவற்றை நான் எப்படி நம்புவேன்? மகள் வெட்டுகிற மணியை நம்பி ஊதுபத்தி கொளுத்துகிற அண்ணைக்கு இதை எப்படிச் சொல்வேன்?

சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

நான் போகவில்லை. அவன் பக்கத்தில் அந்தச் சரிவில் இருந்தேன். என்னாலும் இருக்க முடியவில்லை, வழுக்கிக்கொண்டே இருந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கற்பூரம் சுட்ட தழும்பு உள்ளங்கையில் மழமழவென்று இருந்தது. பஸ் வந்தது, கதவைத் திறந்தது, அவன் எழும்பவில்லை. போய்விட்டது. அடுத்ததும் வந்தது. அதற்கும் அவன் எழும்பவில்லை, நானும் கையை விடவில்லை.